செத்த காலேஜில் பட்டி பார்த்த கதை

1

எங்கள் பக்கத்தில் மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ் என்று பெயர். மியூசியம் என்றால் செத்த காலேஜ். இந்த வாரத்தோடு நான் தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரின் செத்த காலேஜில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. காலையில் மனைவி ஸ்டெல்லா ரவா கேசரி கிளறி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரவை துருக்கிக்காரர் கடையில் வாங்கியது. கலர்ப் பவுடர் ஆவடி மார்க்கெட்டிலிருந்து சூட்கேஸில் வந்தது. மகள் மெர்லின் அதை ஸ்பூனால் தொட்டுப் பார்த்துவிட்டு, இது ஏன் ஆரஞ்சு நிறம் என்று ஜெர்மனில் கேட்டாள். கேசரி அப்படித்தான் இருக்கும் என்று நான் தமிழில் சொன்னேன். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் இரண்டு தண்டவாளத்தில் ஓடும். பட்டாபிராம் சைடிங் மாதிரி எங்காவது ஓரிடத்தில் சேர்ந்தால் சரி.

நான் இந்த நாட்டுக்கு வந்தது மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. அவள் நர்ஸ். கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆள் எடுத்தபோது அவளுக்கு வேலை கிடைத்தது, எனக்கு விசா கிடைத்தது. என் காகிதங்களில் ‘உடன் வந்த கணவர்’ என்று எழுதியிருந்தது. வெளிநாட்டார் அலுவலகத்தில் இருந்த அம்மையார், ஊரில் என்ன தொழில் என்று கேட்டார். பட்டி பார்ப்பேன் என்பதை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவர் தொழில்களின் பட்டியல் இருந்த தடித்த புத்தகத்தைப் புரட்டினார். கொல்லன் இல்லை, பெயின்டர் இல்லை, கொத்தனார் இல்லை. கடைசியில் ‘பிற’ என்று எழுதிச் சீல் குத்தினார். ஒன்றரை வருடம் நான் பிறவாக இருந்தேன். சோறு வடித்தேன், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினேன். தெருவில் என்னைப் பார்த்தவர்கள் நர்ஸின் கணவர் என்று தலையசைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு கிறிஸ்துமஸுக்குச் சர்ச் குடிலில் இருந்த கழுதைக்குக் காது உடைந்துபோனது. நான் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சரிசெய்து கொண்டுவந்தேன். மியூசியத்தின் பட்டறையில் இருந்த பெரியவருக்கு அது பிடித்துப்போயிற்று. அவர் ரிடையர் ஆகப்போகிற சமயம். திங்கட்கிழமை வா என்றார். அப்படிக் கழுதைக் காதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

2

பட்டி என்றால் தெரியாதவர்களுக்கு: விபத்தில் அடிபட்ட வண்டியின் தகட்டை முதலில் டிங்கர் தட்டி நிமிர்த்துவார். அப்புறமும் பள்ளம் மேடு இருக்கும். அதன்மேல் பசை மாதிரி ஒரு சரக்கைத் தகட்டுக் கரண்டியால் இழுத்து, காயவைத்து, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். அந்தச் சரக்குதான் பட்டி. அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டால் வண்டி லாரியில் மோதியதா, ஷோரூமிலிருந்து வந்ததா என்று பெற்றவனுக்கே தெரியக்கூடாது.

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டில் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன். அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் எல்லா வீட்டுப் பையன்களும் இன்ஜினியரிங், பாலிடெக்னிக் என்று போனார்கள். நான் பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் போனேன், ஃபெயில் ஆகி ஷெட்டில் போய்ச் சேர்ந்தேன். அங்கே எனக்கு முன்னால் இரண்டு வருடம் சீனியர் தனசேகர். பெயின்ட் நாற்றத்தில் மூக்கு அடைத்து எப்போதும் மேல்தொண்டையில் பேசுவான்.

“பட்டி காஞ்சா உள்ள வாங்கும் மாமே. அதான் போட சொல்லோ ஒரு நூல் தூக்கி வெய்யி. சமமா வெச்சேன்னு வெய்யி, நாளைக்கு வந்து பாத்தா பள்ளமா கெடக்கும்.”

நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. அந்தப் பாடம் தலைக்குள் போகவில்லை, கைக்குள் போய்விட்டது. இன்றைக்கும் தோசை மாவை ஊற்றினால்கூட நடுவில் கொஞ்சம் தூக்கலாக விடுகிறேன் என்று ஸ்டெல்லா திட்டுவாள். வண்டியை எடுக்க வரும் சொந்தக்காரர் கதவை இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்து, “எங்கேப்பா அடிபட்டுச்சு?” என்று கேட்பார். எங்களுக்கு அதுதான் மெடல். சேகர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விடுவான்.

3

எங்கள் மியூசியம் இருக்கும் ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் குவாரிகள். நம் வீடுகளில் பரண் போடும் கடப்பாக்கல் போல அந்தக் கல் ஏடு ஏடாகப் பிரியும். ஏட்டைப் பிரித்தால் சில சமயம் உள்ளே மீன் இருக்கும், இறால் இருக்கும், தும்பி இருக்கும். பதினைந்து கோடி வருடத்துக்கு முன்னால் அங்கே கடல் இருந்ததாம். ரொம்ப அபூர்வமாக டெரோசார் கிடைக்கும். டைனோசார் காலத்தில் ஆகாயத்தில் பறந்த பிராணி இது. டைனோசாரும் இல்லை, பறவையும் இல்லை. நமக்கு மோதிர விரல் இருக்கும் இடத்தில் அதற்கு ஒரு விரல் உடம்பைவிட நீளமாக வளர்ந்து இறக்கையைத் தாங்கிப் பிடிக்கும். அந்த விரலை முதலில் பார்த்தபோது, இதற்கு மோதிரம் போட்டால் கழற்றவே முடியாது என்று நினைத்தேன்.

என் வேலை, எலும்பின் மேல் ஒட்டியிருக்கும் கல்லை ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது. உடைந்த இடத்தை ரெசின் என்ற பசையால் நிரப்புவது. முதல் நாளே மியூசியத்தின் தலைவரான புரபசர் ஒரு விதி சொன்னார். நிரப்பும் இடம் எலும்பைவிட ஒரு சாயல் வெளுப்பாக இருக்க வேண்டும். ஒரு கை தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எது எலும்பு, எது ஒட்டு என்று தெரிய வேண்டும்.

நான் தலையாட்டினேன். கை ஆட்டவில்லை. ஒட்டுத் தெரிகிற மாதிரி ஒரு வேலையைச் செய்து அதைக் கண்ணாடிப் பெட்டியில் வேறு வைப்பதா? அம்பத்தூரில் அப்படிச் செய்தால் சேகர் கரண்டியைத் தூக்கி எறிவான். கல்தூளைச் சலித்து, கொஞ்சம் காப்பித்தூள் நிறம் சேர்த்து, எலும்பின் நிறத்துக்கே கொண்டுவந்து நிரப்பிவிடுவேன். புரபசர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கவனிக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. பிடித்துப்போய்த்தான் சும்மா இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த முதல் வருடத்தில் ஒரு டெரோசாரின் எலும்புகள் கைக்கு வந்தன, மண்டையோடு மட்டும் தனி ஏட்டில். என் உள்ளங்கை நீளம். நீண்ட மூக்கின் மேல் விளிம்பில், கல்லைப் பிளந்தபோது ஒரு சில்லு தெறித்துப் போயிருந்தது. புளியங்கொட்டை அளவு இருக்கும். நிரப்பினேன். உள்வாங்கும் என்று பழக்கத்தில் அரை நூல் தூக்கி வைத்தேன். பக்கத்திலேயே எலும்பு இருந்ததால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை, தானாக இறங்கிவிடும் என்று விட்டுவிட்டேன். மெர்லினுக்கு அன்று காய்ச்சல் என்று போன் வந்தது. அந்த ஏட்டை மற்ற எலும்புகளோடு இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டு ஓடினேன். அப்புறம் ரிஜிஸ்டரில் எழுதவும் மறந்தே போனேன். இழுப்பறையின் மேல், ஏற்கெனவே தெரிந்த ஒரு வகையின் குட்டி என்று பழைய சீட்டு ஒட்டியிருந்தது.

4

ஏழு வருடம் கழித்துப் புரபசர் அந்த இழுப்பறையைத் திறந்தார். அவருக்கு ஒரு சந்தேகம். குட்டியாக இருந்தால் தோள் எலும்புகள் தனித்தனியாக இருக்க வேண்டும், வளர்ந்த பிறகுதான் சேர்ந்துகொள்ளும். இதில் சேர்ந்திருக்கின்றன. அப்படியானால் இது குட்டி இல்லை, முழுதாக வளர்ந்த சின்ன உருவம். இதுவரை யாரும் பெயர் வைக்காத வகையாக இருக்கலாம்.

புதிய வகை என்று சொல்வது அவ்வளவு லேசு இல்லை. ஒரு எலும்பு வித்தியாசமாக இருந்தால் அந்த ஒரு பிராணிக்கு நோய் என்று சொல்லிவிடுவார்கள். கல்லின் பாரம் நசுக்கியது என்பார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் என்பார்கள். ஒவ்வொரு எலும்பையும் அளந்து, மற்ற மியூசியங்களில் இருக்கும் உருவங்களின் அளவுகளோடு ஒப்பிட்டு, இது எதோடும் சேராது என்று காட்ட வேண்டும். இறக்கை, கால், கழுத்து எல்லாம் வெர்னியர் அளவுகோலில் அளந்தது நான். அப்பா எனக்குக் கற்றுக்கொடுக்க முயன்று கைவிட்ட கருவி அது. மண்டையோட்டைப் புரபசர் தானே வைத்துக்கொண்டார், அதை யாரும் தொடக்கூடாது.

எட்டு மாதம் போனது. என் வேலை வருடா வருடம் புதுப்பிக்கும் தற்காலிக வேலை. அந்த வருடம்தான் கடைசிப் புதுப்பிப்பு. அதற்குமேல் நிரந்தரம் செய்ய வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று மியூசியத்தை நடத்தும் டவுன் ஆபீஸ் எழுதியிருந்தது. இந்தப் புதிய வகை பற்றிய கட்டுரை வெளிவந்தால் உங்களுக்கு நல்லது என்று புரபசர் சொன்னார். நான் நிம்மதியாகக் குடும்பத்தோடு ஒரு மாத லீவில் ஆவடிக்குக் கிளம்பினேன்.

5

அப்பா ரிடையர் ஆகி, பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் வீடு கட்டியிருந்தார். தெருமுனையில் எஸ்டிடி பூத். ஃபேக்ஸ் வசதி உண்டு என்று போர்டில் பெரிதாக எழுதியிருந்தது. அவசரம் என்றால் அனுப்பச் சொல்லி அந்த நம்பரைத்தான் புரபசரிடம் கொடுத்திருந்தேன். லீவில் மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை, மீன் வாங்கப் போகும்போது பூத்துக்காரம்மா கூப்பிட்டார்.

“சாமுவேல்னா நீதானே? உனக்கு ஏதோ எலும்புக்கூடு வந்துகீதுப்பா. எடுத்துக்கினு போ. சாமி படம் மாட்டின கடை, உள்ள வெக்க மனசு வர்ல.”

நாலு பக்கம். முதல் பக்கம் கடிதம். என் அளவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டுத் திங்கள் மாலைக்குள் திருப்பி அனுப்பவும், செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டாவது பக்கம் அளவுகள். மூன்றாவது பக்கம், இது புதிய வகை என்பதற்கான ஆறு அடையாளங்கள். முதல் அடையாளம்: மூக்கின் மேல் விளிம்பில், முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் எழும் தாழ்வான எலும்பு மேடு. அதை வைத்தே பெயரும் சூட்டியிருந்தார். லத்தீனில் நீளமாக இருந்தது, மேட்டுமூக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது பக்கம் படம். ஓவியர் மண்டையோட்டை மூன்று மடங்கு பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக நிழல் வைத்து வரைந்திருந்தார். கல்லில் சட்டென்று கண்ணில் படாத மேடு இதில் திருப்பதி மலை மாதிரி எழுந்து நின்றது. அந்த வளைவை எனக்குத் தெரியும். ஆயிரம் வண்டிக் கதவில் நான் இழுத்த வளைவு அது. தேய்ப்பதற்கு முன்னால் இருக்கிற பட்டி.

மீன் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

6

சேகர் இப்போது காட்டுப்பாக்கத்தில், பூந்தமல்லி ரோட்டின் மேலேயே சொந்தமாக ஷெட் போட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக அங்கே போனேன். ஞாயிறும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஃபேக்ஸை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“இன்னா மாமே, பல்லிக்கு ரெக்கை வெச்சிகீறானுங்க?”

“பல்லி இல்லடா. இதுக்காகத்தான் எட்டு மாசமா அளந்துக்கினு இருந்தோம். புது வகையாம். மூக்க வெச்சுப் பேரும் வெச்சுட்டாங்க.”

“மூக்கு மேல இன்னா மேடு?”

“அது நான் வெச்ச பட்டி.”

சேகர் ஃபேக்ஸை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். நிற்க முடியாமல் ஒரு டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு சிரித்தான். “நீ வெச்ச பட்டிக்கா வெள்ளைக்காரன் பேரு வெச்சிகீறான்? ஏன், தேய்க்கல நீ?”

“பக்கத்துல எலும்பு, தேய்க்க முடியாது. உள்வாங்கிக்கும்னு வுட்டுட்டேன். அந்தச் சரக்கு உள்வாங்காதுன்னு எனக்கு அப்பத் தெரியாது.”

“பாரு, நான் சொல்லிக்குட்த்தத நீ மறக்கவே இல்ல,” என்றான். முகத்தில் அத்தனை பெருமை. பிறகு நிலைமையைச் சொன்னேன். சொன்னால் பிராணிக்கு வைத்த பெயர் போகும், ஒருவேளை புது வகை என்பதே போகும், கட்டுரை போகும், கூடவே என் வேலையும் போகும். சொல்லாவிட்டால் எதுவும் ஆகாது, ஏனென்றால் அந்த ஒட்டை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

“அப்ப கம்முனு கெட. எவனுக்கும் தெரியாத வேலை செஞ்சிட்டு, அத்த நீயே போயி சொல்லுவியா? நம்ம ஷாப்புல எந்தக் கஸ்டமராண்டயாவது இங்க பட்டி கீது, அங்க பட்டி கீதுன்னு காட்டிகீறோமா?”

“வண்டிக்காரனுக்கு அடிபட்டது தெரியும் சேகரு. தெரியாம ஒருத்தன் அந்த வண்டிய விலைக்கு வாங்க வந்தா?”

சேகர் தலையைச் சொறிந்தான். “கேட்டான்னா சொல்லுவேன்.”

“கேக்கலன்னா?”

“கேக்காதவனாண்ட எவன் சொல்லுவான்?”

நான் முதல் பக்கத்தைக் காட்டினேன். ‘சரிபார்த்துக் கையெழுத்திடவும்’ என்று இருந்ததைத் தமிழில் படித்தேன். சேகர் வாயைக் குவித்துக்கொண்டு யோசித்தான்.

“கேட்டுட்டானா,” என்றான். “அப்ப பேஜாருதான் மாமே.” எழுந்துபோய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தான்.

ஸ்டெல்லாவிடம் அன்று சாயந்திரம் ஏரிக்கரையில் நடக்கும்போது சொன்னேன்.  ஏரிக்குள் ஒரு எருமை குளித்துக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேலை போனா போகட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரலங்க. நீங்க வீட்டோட இருந்த ஒன்றரை வருஷம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் டியூட்டி முடிஞ்சு வந்தா ஒரு வார்த்தை பேசமாட்டீங்க, பாத்திரத்தைத் தேச்சுக்கிட்டே இருப்பீங்க.”

“சொல்ல வேணாங்கிறியா?”

“நான் அப்படிச் சொல்லல. சார்ட்டுல ஒருத்தி தப்பா எழுதி வெச்சா, அதைப் பாத்துதான் அடுத்த ஷிப்ட்காரி மருந்து குடுப்பா. உங்க புரபசர் எழுதறதப் பாத்து நாளைக்கு எத்தனை பேர் எழுதுவாங்க? எல்லாம் உங்க பட்டி மேலதானே நிக்கும்?”

  எனக்குப் பயமாக இருந்தது. ஊரில் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யாதவன் என்று பெயர் வாங்கியவனுக்கு வெளிநாட்டில் ஒரு வேலை கிடைத்து, அதை ஆவடி முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டும் ஆகிவிட்டது. மறுபடியும் பிறவாகப் போய் நிற்க எனக்கு மனசே இல்லை.

7

திங்கட்கிழமை மதியம் பூத்தில் உட்கார்ந்து ஜெர்மனில் எழுதினேன். பேசுவதற்கு என் ஜெர்மன் போதும், எழுத மெர்லின் வேண்டும். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பிழைக்கு மார்க் குறைப்பார்கள், அந்தக் கோபத்தை என் கடிதங்களில் தீர்த்துக்கொள்வாள். சிவப்புப் பேனா இல்லையா என்று பூத்துக்காரம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

‘மூக்கின் மேல் உள்ள மேடு எலும்பு அல்ல. நான் வைத்த ரெசின். ஒட்டுத் தெரிய வேண்டும் என்ற விதியை மீறியது தெரியாமல் நடந்த தவறு’ என்று எழுதியிருந்தேன். அவள் வாக்கிய வரிசையைத் திருத்தினாள். வினைச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளினாள். அப்புறம் பேனாவை நிறுத்தி, வழக்கம்போல ஜெர்மனில் கேட்டாள்.

“அப்பா, ஒட்டு தெரியணும்னு உனக்குச் சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

“நீ அதைக் கேட்டியா?”

“கேட்டேன். ஆனா கை வரல.”

“அப்போ தெரியாமல்னு போட முடியாது,” என்று அந்தச் சொல்லை அடித்தாள். அவளுக்கு இது நியாய அநியாயமெல்லாம் இல்லை, டிக்டேஷன். ‘விதி தெரிந்தும் செய்தேன்’ என்று அவளே எழுதி, எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்து, கையெழுத்துப் போட என்னிடம் தள்ளினாள். பட்டி என்றால் என்ன என்று கேட்டாள். பூத்துக்கு வெளியே நின்ற ஆட்டோவின் மட்கார்டைத் தடவச்சொல்லிக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்ல வேலை.

ஃபேக்ஸ் லேசில் போகவில்லை. முதல் தடவை லைன் எங்கேஜ். இரண்டாவது தடவை பாதிப் பக்கம் போய் மாட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை கரன்ட் போயிற்று. ஆண்டவரே வேண்டாம் என்கிறாரோ என்று ஒரு சபலம் வந்தது. ஐந்தரைக்குக் கரன்ட் வந்தது. “இப்ப போடு கண்ணு, லைன் நல்லா கீது,” என்றார் பூத்துக்காரம்மா. போய்விட்டது. லீவு முடியும்வரை அங்கிருந்து பதிலே வரவில்லை. தினமும் இரண்டு முறை பூத்தை எட்டிப் பார்த்தேன். எலும்புக்கூடு வர்லப்பா என்று அவரும் தினமும் சொன்னார்.

8

திரும்பிப் போன முதல் நாள், மண்டையோடு இருந்த ஏடு என் மேஜைமேல் இருந்தது. பக்கத்தில் பஞ்சும் அசிட்டோனும். புரபசர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னேன். எடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

பஞ்சை நனைத்து நனைத்து ஒற்றினேன். அரை மணி நேரத்தில் மேடு கரைந்து பழுப்பாகப் பஞ்சில் ஏறியது. கீழே இருந்தது வெறும் பள்ளம். அங்கே உண்மையிலேயே ஒரு மேடு இருந்து உடைந்ததா, நேர்க்கோடாக இருந்து உடைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. தன் மேட்டுமூக்கு பஞ்சோடு குப்பைக்கூடைக்குப் போவதை அவர் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

“இது போல இன்னும் எத்தனை?” என்றார்.

“எட்டு வருடமாகச் செய்த எல்லாமே இப்படித்தான்,” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கப்புறம் இரண்டு வாரம் என்னிடம் காலை வணக்கம் தவிர எதுவும் பேசவில்லை. ஜெர்மானியர்கள் கோபத்திலும் வணக்கத்தை மட்டும் விடமாட்டார்கள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்று முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஆறு அடையாளங்களில் ஒன்று போய் ஐந்து மிச்சம். ஐந்தும் நிற்குமா என்று ஒவ்வொன்றாக மறுபடி அளந்தோம். இந்த முறை மண்டையோட்டையும் என் கையில் கொடுத்தார். பற்கள் மூக்கின் முன்பாதியில் மட்டும், தள்ளித்தள்ளி இருந்தன. கழுத்தெலும்பு ஒவ்வொன்றும் அதன் அகலத்தைப் போல நாலு மடங்கு நீளம். தோள் சேர்ந்திருந்தது, கால் குட்டை. வேறு எதிலும் இவை ஒன்றாக வரவில்லை. புதிய வகைதான். என் பட்டியின் உதவி இல்லாமலே அது புதிய வகையாகத்தான் இருந்திருக்கிறது. அதைச் சொல்லும்போது புரபசரின் குரல் கொஞ்சம் இறங்கியது. கழுத்தை வைத்து வேறு பெயர் சூட்டினார். சேகருக்கு எழுதினேன். பழைய பெயரே நன்றாக இருந்தது என்று பதில் எழுதினான். மேட்டுமூக்கின் படத்தை ஷெட்டில் காலண்டர் பக்கத்தில் மாட்டியிருக்கிறானாம், வரும் கஸ்டமர்களிடம் நம்ம பையன் செஞ்சது என்று சொல்கிறானாம்.

டவுன் ஆபீஸுக்குப் புரபசர் எழுதிய கடிதத்தின் நகல் எனக்கும் வந்தது.  இவருடைய முந்தைய ஒட்டுகள் அனைத்தையும் அடையாளம் கண்டு குறிக்க வேண்டியிருப்பதாலும், அவற்றைக் கண்டறிய இவரைத் தவிர வேறு யாராலும் இயலாது என்பதாலும், இந்தப் பணியிடத்தை நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன் என்று எழுதியிருந்தார். செய்த தப்பைத் தேடுவதற்கு நிரந்தர உத்தியோகம். ஸ்டெல்லா அதை இரண்டு முறை படித்துவிட்டு அழுதாள், பிறகு சிரித்தாள். நான் சிரித்துவிட்டுப் பிறகு அழுதேன்.

9

இன்று கேசரி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய், முதல் வருட ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டேன். முதல் பதிவு ஒரு மீன். முழ நீளம். செதில் செதிலாக நன்றாக இருக்கிறது. பக்கத்தில் என் கையெழுத்து: வால் பகுதி நிரப்பப்பட்டது. ஒட்டைக் கண்டுபிடித்து, அதன் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, சீட்டில் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினேன். வால் முழுக்க எலும்பாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்குப் புரபசர் வந்தார்.

“எங்கே?”

“இதில்தான் இருக்கிறது.”

“இடத்தைக் கேட்டேன்.”

 அவர் குனிந்தார். நானும் குனிந்தேன். இருவர் தலையும் லேசாக இடித்துக்கொண்டன. பத்து நிமிடம் பார்த்தார். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“மிக நல்ல வேலை,” என்றார்.

ஒன்பது வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்த வார்த்தைக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் பென்சிலை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

சாயந்திரம் ஐந்து மணிவரை தேடினேன். கிடைக்கவில்லை. நாளைக்கும் இதே மீன்தான்.